நெருஞ்சிக்கு வந்த மவுசு

பொங்கல் லீவுக்கு வந்த பேத்தி, இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு மஞ்சள் பூவைக் காட்டினாள். "இது பட்டர்கப் ஐயா. புல்வெளியில பூக்குமாம். நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

தேவகோட்டையில் புல்வெளிக்கு நான் எங்கே போவேன்? மழை பெய்தால் செம்மண் பொட்டலில் கொஞ்சம் பச்சை படரும். எங்கள் புல்வெளி அதுதான். அதில் மஞ்சளாகப் பூப்பது நெருஞ்சி.

அந்தக் காலத்தில் நாங்கள் அதைத் தேடிப் போனதில்லை, அதுவே தேடி வந்தது. வெள்ளையன் ஊருணிப் பக்கம் வெறுங்காலோடு ஓடினால், வீடு திரும்பும்போது குதிகாலில் நாலைந்தாவது இருக்கும். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, தாலிக்கயிற்று ஊக்கால் நோண்டி எடுத்து, எருக்கம்பால் ஒரு சொட்டு வைப்பார். அதே அப்பத்தா, வீட்டில் யாருக்காவது நீர்க்கடுப்பு என்றால் அதே முள்ளை நசுக்கிக் கஷாயம் போடுவார். வள்ளுவர் 1120ஆம் குறளில், அன்னத்தின் இறகே நெருஞ்சிப் பழமாய்க் குத்தும் மெல்லிய பாதத்தைப் பாடியிருக்கிறார். எங்கள் பாதத்துக்கு நெருஞ்சியே நெருஞ்சியாய்க் குத்தியது.

இப்போது தெருவுக்கு சிமெண்ட் போட்டாகிவிட்டது, வாசலுக்கு பேவர் பிளாக். அரை நாள் அலைந்து, கண்டதேவி போகிற வழியில் மனைக்கல் ஊன்றிய ஒரு பொட்டலில் கண்டுபிடித்தோம்.

"குனிஞ்சு பாரு ஆத்தா. பாய் விரிச்ச மாதிரி தரையோட படர்ந்திருக்கா? புளிய இலை மாதிரி பொடி இலை. பூவுக்கு அஞ்சு இதழ், காலையில சூரியனைப் பார்த்து விரியும். பூ உதிர்ந்தா காய். காய் காய்ஞ்சா அஞ்சு துண்டா உடையும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பெரிய முள்ளு, ரெண்டு சின்ன முள்ளு. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளு மேல பார்க்கும்."

"எதுக்கு?"

"உள்ள விதை இருக்குல்ல? அது ஊர் போக வேண்டாமா? உன் காலுதான் அதுக்கு டவுன் பஸ்."

பேத்தி தன் கனத்த ஷூவோடு அந்தப் பாயின் மேல் நிதானமாக நடந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளையின் பையில் ஒரு டப்பா. ஜிம்முக்குப் போகிறவர். மேலே டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ் என்று போட்டிருந்தது. 1753இல் லின்னேயஸ் நம் நெருஞ்சிக்கு வைத்த பேர். 1980களில் பல்கேரியாவின் பளுதூக்கும் வீரர்கள் இதைச் சாப்பிட்டதாகப் பேச்சு கிளம்ப, உலகமெங்கும் மாத்திரையாகப் போனது. ஆண் ஹார்மோன் ஏறும் என்று விற்கிறார்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. விலையைப் பார்த்தேன். எங்கள் குதிகாலில் அப்பத்தா பிடுங்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே களையாகப் பரவி சைக்கிள் டயரையெல்லாம் பஞ்சராக்கியது. அதன் விதையைத் தின்ன 1961இல் இத்தாலியிலிருந்து கூன்வண்டைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒருபக்கம் அழிக்கச் செலவு, மறுபக்கம் விழுங்கச் செலவு.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அது ஆர்கானிக் மாமா" என்றார் மரியாதையாக.

அவர்கள் சென்னைக்குப் போய் மூன்றாம் நாள் பேத்தி போன் பண்ணினாள்.

"ஐயா, என் ஷூவிலேர்ந்து நெருஞ்சி ஹால்ல விழுந்து கிடந்துச்சு. அப்பா மிதிச்சுட்டாங்க. நல்லா உள்ள போயிருச்சு."

"ஊக்கால எடுக்கச் சொல்லு ஆத்தா."

"எடுத்தாச்சு. எருக்கம்பால் எங்க கிடைக்கும்னு அம்மா கேட்கச் சொன்னாங்க. ஆன்லைன்ல தேடினோம், இல்லையாம்."