ஏசி வலையும் லாரி ஃபில்டரும்

வீட்டைச் சூடாக்கும் உலைக்கு எந்த ஃபில்டர் வாங்குவது என்பது அமெரிக்கா, கனடா போன்ற குளிர்நாட்டுக் குடும்பங்களின் கவலை. சேலத்தில் அந்த வேலையைச் சித்திரை வெயில் இலவசமாகவே செய்துவிடுகிறது. அதற்காக உலைக்கும் இந்த ஊருக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏற்காடு அடிவாரத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்குச் செங்கல்லாகப் போகிறது. உலைகளுக்குக் கல் கொடுத்த ஊர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஏசி வாங்குகிறது.

ஆகவே இங்கே ஃபில்டர் என்றால் ஏசிப் பெட்டியின் முன்மூடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வலைதான். அது நுரையீரலைக் காப்பதாகப் பலருக்கு நம்பிக்கை. உண்மையில் அது காப்பது உள்ளிருக்கும் குளிர்ச்சுருளை. ஒட்டடை, தலைமுடி, போர்வைப் பஞ்சு எல்லாம் அதில் சிக்கும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்தூசோ, கோழிக்கூண்டுக் கம்பிக்குள் எறும்பு நுழைவதுபோல் நுழைந்துவிடும்.

சிக்குவது என்ன என்பது ஊரைப் பொறுத்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் என்றால் விசைத்தறிப் பஞ்சு. நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்தூளும் இறகுத்துகளும். வலையைக் கழற்றிப் பார்த்தே வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஜவ்வரிசி ஆலை வாடை மட்டும் எந்த வலையிலும் சிக்காது. வாடைக்குக் கரி அடைத்த ஃபில்டர் தேவை.

கடைக்குப் போனால் எண்கள் வரவேற்கும். மெர்வ் என்ற அமெரிக்க அளவுகோல் 1 முதல் 16 வரை போகிறது. ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல்லில், எண் கூடக்கூட நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஃபில்டர் அப்படியல்ல. கண் நெருங்கினால் காற்று புகாது. ஏசி வலைமேல் அடர்த்தியான தாளை ஒட்டினால் விசிறி திணறும், சுருளில் ஐஸ் கட்டும், அது உருகிச் சுவரில் ஒழுகும், மெக்கானிக் வருவார். நுண்தூசுதான் கவலை என்றால் ஹெப்பா உள்ள காற்றுச் சுத்திகரிப்பானைத் தனியாக வாங்குவதே முறை. காற்றோட்டத்துக்கென்று ஜன்னலையும் திறந்து வைத்தால், பாவம், அது மாவட்டம் முழுவதையும் சுத்தம் செய்யப் பார்க்கும்.

இத்தனைக்கும் ஃபில்டரைப் பற்றி லாரித் தொழிலில் ஊறிய இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரியில் ஏர் ஃபில்டர் அடைத்தால் கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஓனர் மறுநாளே மாற்றிவிடுவார். அதே ஓனர் வீட்டு ஏசி வலை, மாட்டிய நாளிலிருந்து தண்ணீரைப் பார்த்திருக்காது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறிவரும் கரண்ட் பில்லுக்குப் பழி, ராத்திரியெல்லாம் செல்போனுக்குச் சார்ஜ் போடும் பையன்மேல் விழும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏசியை நிறுத்தி, வலையைக் கழற்றி, குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். தறி ஓடும் வீட்டில் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.