சகாப்த சர்வேயர்

மே மாதம் பெரியகுளத்துக்கு இரண்டு வரத்து. ஒன்று மாம்பழம், மற்றொன்று கூடைப்பந்து. பகலெல்லாம் மண்டிகளில் காசாலட்டும் கல்லாமையும் இறங்கும். இருட்டியதும் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு விளக்கைப் போடுவார்கள். கடற்படை, ராணுவம், வங்கி என்று எங்கெங்கிருந்தோ ஆறரை அடி ஆட்கள் வந்து இறங்குவார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிற விஷயம். ஊரெல்லாம் கிரிக்கெட் பேசும் நாட்டில், மலையடிவாரத்து ஊரொன்றில் மாங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை ‘பிவட் சரியில்லப்பா’ என்று அலுத்துக்கொள்கிறார் என்றால் காரணம் இதுதான்.

இந்தப் போட்டியின் பக்க விளைவாக ஒரு மனித இனம் உருவாகியிருக்கிறது. அதில் ஒருவரை எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து ஜனம் கலைந்த பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும். வயது அறுபதுக்கு மேல். மாந்தோப்பு குத்தகை. மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் நாலாக மடித்த போட்டி நோட்டீஸ். டீக்கடை பெஞ்சில் நடு இடத்தை யாரும் அவருக்கு ஒதுக்குவதில்லை. அவர் உட்கார்ந்த இடம் நடு இடமாகிவிடும். அங்கே அவர் ஒரே ஒரு வழக்கைத்தான் விசாரிக்கிறார்: ஒவ்வொரு காலத்திலும் பந்து கொண்டுபோனவர்களில் யார் பெரியவன்?

வழக்குக்கு ஏன் பந்து கொண்டுபோகிறவனைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். ஐந்து பேர் ஆடுகிறார்கள். கூடையில் போடுகிறவனுக்குக் கைதட்டல். தடுக்கிறவனுக்கு விசில். பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்கு, எந்த நொடியில், எந்தக் கைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற பாயிண்ட் கார்டுக்கு ஒன்றும் கிடையாது. போட்ட புள்ளியை ஸ்கோர் போர்டில் எண்ணலாம். கொடுத்த பந்தை யார் எண்ணி வைத்தார்கள்? அமெரிக்காவில் எண்ணியிருக்கிறார்கள். ஜான் ஸ்டாக்டன் என்பவர் தன் என்.பி.ஏ. வாழ்நாளில் 15,806 முறை பந்தைக் கொடுத்துப் பிறரைக் கூடையில் போட வைத்தார் என்று கடைசி இலக்கம் வரை சுத்தமாகச் சொல்வார்கள். நம்மூரில் அந்தக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் ஆயுள் முழுக்க வாதாடலாம்.

ஊரில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சர்வேயர். வருவாய்த் துறைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. ஆட்டக்காரர்களை எடைபோடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். செய்வதென்னவோ காலத்தை அளந்து கல் ஊன்றுவது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால், விடிவதற்குள் வரப்பை இரண்டடி நகர்த்திவிடும் பக்கத்துக் காட்டுக்காரர் மாதிரி சகாப்தத்தின் எல்லையை நகர்த்திவிடுவார்.

முறைப்படி பார்த்தால் அவரிடம் இருப்பது மூன்றே கற்கள். மூன்றையும் ஊன்றியது சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம். 1984-ல் மூன்று புள்ளிக் கோடு வந்தது. 2000-ல், இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி ஆடிய ஆட்டத்தைப் பத்து நிமிஷமாக நான்காக நறுக்கினார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொள்ளும் நேரமும் 30 நொடியிலிருந்து 24 ஆயிற்று. 2010-ல் 6.25 மீட்டரில் இருந்த மூன்று புள்ளிக் கோடு 6.75-க்குப் போனது. மூன்று கல், நான்கு சகாப்தம். சர்வேயரிடம் இப்போதைய கணக்குக்குப் பதினொன்று இருக்கிறது.

பெஞ்சில் சிந்திய டீயை விரலால் தொட்டு அந்தக் கோட்டை வரைவார். டம்ளர்கள் ஆட்டக்காரர்கள், சீனி டப்பா பிவட். 2010 வந்ததும் உள்ளங்கையால் கோட்டை அழித்து, கொஞ்சம் தள்ளி இன்னொன்று வரைவார். “இந்த அரை மீட்டருக்கு நடுவுல எத்தனை பேரு பொழப்பு போச்சு தெரியுமா?” என்று கேட்டுவிட்டு டம்ளர்களைப் பார்ப்பார். அதற்குள் டம்ளர் கழுவுகிற பையன் ஒரு பாயிண்ட் கார்டை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

ஒருநாள் ராத்திரி இன்ஜினியரிங் முடித்த பையன் ஒருவன் மாட்டினான்.

“மாமா, விசேஷ் பிருகுவன்ஷிதேன். அர்ஜுனா வாங்குனவரு. 2014-ல ஊஹான்ல சீனாவையே 65-58-ன்னு சாய்ச்ச டீம்ல ஆடுனவரு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“நல்ல பிளேயருதேன். யாரு இல்லைன்னா? ஆனா அவரு இருவத்திநாலு செகண்டுக்காரரு.”

“அப்படின்னா?”

“இருவத்திநாலு செகண்டுக்குள்ள போடணும்னா எவனும் ஓடத்தேன் செய்வான். அப்பாஸ் முன்தசிர் காலத்துல முப்பது செகண்டு. முப்பது செகண்டும் பந்தக் கையில வச்சுக்கிட்டு எதிராளியக் கிறுக்குப் பிடிக்க வைக்கணும். அது வேற வேலைப்பா. அதுக்கு வேற ஆளு.”

பம்பாய் நாக்பாடாவிலிருந்து கிளம்பி இந்தியாவுக்குக் கேப்டனாகி 1970-ல் அர்ஜுனா வாங்கிய முன்தசிர் இப்படி முப்பது நொடி சகாப்தத்தில் பத்திரமாகப் பட்டா போட்டு உட்கார்த்தப்பட்டார். பிருகுவன்ஷிக்கு இருபத்துநாலில் தனிப் பட்டா. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் குஷிராம் பெயரை எடுத்தார். 1967 அர்ஜுனா, ஆசியாவே பார்த்த ஆட்டக்காரர். சர்வேயர் கையை உயர்த்தி நிறுத்தினார். “குஷிராம் போடுறவரு வாத்தியாரய்யா. நம்ம பேசுறது கொண்டுபோறவரப் பத்தி. அது வேற கிராமம்.”

அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரே காலத்தில் இரண்டு பெரியவர்கள் இருப்பதை அவர் மனசு தாங்காது, அவ்வளவுதான். யாரையாவது ஒருவரைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்குமே. அதற்குக் காலத்தைக் குறுக்கே வெட்டிவிடுவது மரியாதையான காரியம் அல்லவா? டி.ஜே. சாஹி துள்ளிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணித்த வருஷங்கள் ஒரு துண்டு. நம்மூர் அகிலன் பாரி இந்தியாவுக்கு ஆடியது இன்னொரு துண்டு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் மட்டும் தனித் துண்டு. இந்திய ஆண்கள் அணி கூடைப்பந்தில் ஒலிம்பிக் போனது அந்த ஒரே தடவை. ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றார்கள். அந்தச் சகாப்தத்தில் யார் பெரியவன் என்று கேட்டால், “அது புறம்போக்கு” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

இத்தனை பட்டா கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு தெய்வம் இருக்காதா? இருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. ‘ரயில்வே ஏழாம் நம்பர்’ என்பார். எந்த வருஷம் என்று கேட்டால் வைகாசி என்பார். ஒருநாள் வாத்தியார், தானும் அந்த ஆளைப் பார்த்ததாகவும், நம்பர் ஏழு இல்லை, மூன்று என்றும் அடித்துச் சொன்னார். பெஞ்ச் அமைதியானது. சர்வேயர் பதறவில்லை. “மூணு இருக்க முடியாதுய்யா. அன்னைக்கு நாலுல இருந்து பதினஞ்சு வரைக்குந்தேன் நம்பரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ரெஃப்ரி விரலக் காட்டுனா அது பாயிண்டுக்கு.” அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சம்மேளனத்தின் ஆட்டங்களில் வெகுகாலம் அதுதான் விதி. சர்வேயரை வெறும் வாய்வீச்சு என்று நினைத்து மோதுகிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். அவருடைய சங்கிலி நிஜ சங்கிலி. அதைப் பிடித்து இழுக்கிற திசையில்தான் கோளாறு.

வாத்தியார் விடவில்லை. “நம்பர் போகுதுய்யா. நான் நேர்ல பாத்தேன். அம்புட்டு ஒண்ணும் பெரிய ஆட்டமில்ல.”

“எந்தப் பக்கம் உக்காந்து பாத்தீக?”

“போர்டுக்குப் பின்னால.”

“அங்கிட்டிருந்து பாத்தாக் கையிதேன் தெரியும். பந்து கொண்டுபோறவனக் கண்ணப் பாத்து எடைபோடணும். கண்ணு ஒரு பக்கம் போகும், பந்து ஒரு பக்கம் போகும். நீங்க பாத்தது பந்த.” வாத்தியார் முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவர். பதில் இல்லாமல் பருத்திப்பால் வாங்கிக் குடித்தார்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இந்த இனத்துக்குக் கிளை உண்டு. சின்னமனூர்க் கிளை வாழைத்தாருக்குச் சகாப்தம் பிரிக்கிறது, கம்பத்துக் கிளை பன்னீர் திராட்சைக்கு. உத்தமபாளையத்தில் ஒருவர் மழைக்கே பிரிப்பார். 1895-ல் பென்னிகுவிக் பெரியாறு அணையைக் கட்டி முடித்ததற்கு முன் எவ்வளவு பெய்தது என்பதை, பார்த்தவர் மாதிரிச் சொல்வார். எந்தக் கிளையும் கை வைக்காத நிலம் ஒன்றே ஒன்று. சினிமா இசையில் யார் எந்தக் காலத்துக்குப் பெரியவர் என்று வெளியூர்க்காரர் யாராவது பேச்செடுத்தால், பண்ணைப்புரம் இருக்கிற திசையைக் காட்டுவார்கள். அது ஒரே பட்டா. உட்பிரிவு செய்ய விண்ணப்பமே வாங்குவதில்லை.

சர்வேயர் நிஜமாகவே திணறியதை நான் பார்த்தது ஒரு தடவைதான். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியைக் கூட்டி வந்திருந்த விளையாட்டு ஆசிரியை, டீ வாங்க வந்த இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அனிதா பால்துரை எந்த சர்வே நம்பர்?”

“அது… பொண்ணுக ஆட்டம் டீச்சரம்மா. பந்து சைஸே வேறல்ல?”

“எட்டு வருஷம் இந்தியாவுக்குக் கேப்டன். நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு. 2021-ல பத்மஸ்ரீ. அதுக்கு முன்னாடி 2019-ல பிரசாந்தி சிங்குக்குப் பத்மஸ்ரீ. ரெண்டு பேரும் பொம்பளைக. உங்க பதினோரு சகாப்தத்துல எத்தன பத்மஸ்ரீண்ணே?”

சர்வேயர் டம்ளர்களை எண்ணினார். அடுத்து சீனி டப்பாவைத் திறந்து பார்த்தார். “ஒரு துண்டு விட்டுப் போச்சு போல” என்றார். ஆசிரியை கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிய விஷயம் என்று பெஞ்ச் ஏற்றுக்கொண்டது. மறுநாளிலிருந்து சகாப்தம் பன்னிரண்டு.

அவர் புகழ் கடல் தாண்டியது டீக்கடைக்காரர் மகனால். பையன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். ஒரு ராத்திரி வீடியோ காலில் அப்பாவிடம், ஆபீஸில் ஒரே சண்டை என்று புலம்பினான். அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் கையாலேயே ஆடுவது. அதில் குவாட்டர்பேக் என்று ஒருவன். பந்து முதலில் அவன் கைக்கு வரும். மாமிச மலைகள் நாலாபக்கமும் பாய்ந்து வருவதற்குள் யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும். எந்தக் காலத்துக்கு எந்தக் குவாட்டர்பேக் பெரியவன் என்பதில் நூறு வருஷத்துக்கு ஆகும் வாதம் இருக்கிறதாம்.

சர்வேயர் போனை வாங்கினார். “அங்கிட்டும் பந்து கொண்டுபோறவன்தேனா? சரி, ஆளுகளச் சொல்லு.”

பையன் சொன்னான். ஆட்டோ கிரஹாம், 1946 முதல் 1955 வரை பத்து வருஷம் ஆடிப் பத்திலும் இறுதி ஆட்டத்துக்குப் போனவர், அதில் ஏழு வெற்றி. ஜானி யுனைடஸ், தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச் டவுனுக்குப் பந்து எறிந்தவர். அந்தச் சாதனை 2012 வரை அசையவில்லை. ஜோ மொன்டானா, நான்கு சூப்பர் பௌல். டாம் பிரேடி, ஏழு.

“ரூல எப்ப மாத்துனாக?”

“1978-ல மாமா. பந்து பிடிக்க ஓடுறவன ஆரம்பத்துல அஞ்சு கஜத்துக்கு மேல தடுப்பு ஆளு தள்ளக் கூடாதுன்னு கொண்டுவந்தாங்க. எறியுறது லேசாப் போச்சு.”

“அங்க ஒரு கல்லு ஊனு. கிரஹாமும் யுனைடஸும் கல்லுக்கு அங்கிட்டு. அடி வாங்கிக்கிட்டே எறிஞ்ச ஆளுக. அவுகளையும் ரெண்டாப் பிரிச்சுரு. மொன்டானா கல்லுக்கு இங்கிட்டு. பிரேடிக்கு ஏழா? எப்ப எப்ப?”

முதல் மூன்று 2001 முதல் 2004 சீசனுக்குள். அப்புறம் பத்து வருஷம் ஒன்றுமில்லை. 2014-லிருந்து 2020-க்குள் மீதி நான்கு.

சர்வேயர் கண்ணை மூடினார். அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த தீர்ப்பு அது என்பது என் கருத்து. “அவரு ஒரு ஆளில்லப்பா. ரெண்டு ஆளு. மூணு கப்புக்காரரு ஒருத்தரு, நாலு கப்புக்காரரு ஒருத்தரு. ரெண்டு பட்டா போட்டுரு. சண்ட தீந்துரும்.”

அந்த ஆட்டத்தை அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பிரேடியை இரண்டாகப் பிரித்தாலும் இரண்டு பாதியுமே மகாபுருஷர் பட்டியலில் இடம்பிடிக்கும் என்று பேசுகிறவர்கள் அந்நாட்டிலேயே இருக்கிறார்கள். டல்லாஸ் ஆபீஸில் நாலு நாள் அமைதி நிலவியதாகத் தகவல் வந்தது.

ஐந்தாம் நாள் மறுபடி போன். பேட்டன் மானிங் கட்சிக்காரன் ஒருவன் கிளம்பியிருக்கிறானாம். 2004-ல் அந்த ஐந்து கஜ விதியை நடுவர்கள் திடீரென்று இறுக்கிப் பிடித்தார்களாம். அந்த வருஷமே மானிங் 49 டச் டவுன் எறிந்தாராம். அங்கே ஒரு உட்பிரிவு போட்டு அவரைச் சேர்க்க வழியுண்டா என்று மாமாவிடம் கேட்கச் சொல்கிறானாம்.

சர்வேயர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“போடலாம். அது ஒண்ணும் பெரிய வேலையில்ல. அதுக்கு முன்னாடி, அந்த மேட்ச அவன் எந்தப் பக்கம் உக்காந்து பாத்தானாம்னு கேட்டுச் சொல்லச் சொல்லு.”