வண்டி நிற்கும், சங்கம் ஓடும்

புதுச்சேரி ஆட்டோவில் எல்லாம் இருக்கிறது. முன்கண்ணாடியில் மணக்குள விநாயகர் இருக்கிறார். பின்பக்கம் தலைவர் சிரிக்கிறார். பக்கவாட்டில் சங்கத்தின் பெயர், பதிவு எண், கொடி. மீட்டரும் இருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருக்கிறது.

கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. சங்கத் தலைவர்கள் அதிகாரிகளோடு உட்கார்ந்து டீ குடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் பத்திரிகையில் வருகிறது. கட்டணம் ஸ்டாண்டுக்கு வருவதில்லை. "மீட்டர் போடலாமா?" என்று கேட்டால் ஓட்டுநர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது.

ஸ்டாண்டில் ஒரு போர்டு. கௌரவத் தலைவர் பெயர் ஓர் அடி உயரத்துக்கு. ஓட்டுநர்கள் பெயர் தெரியக் கண்ணாடி போடவேண்டும். ஆட்டோவில் கியர் எங்கே இருக்கிறது என்று கௌரவத் தலைவருக்குத் தெரியாது. அவர் ஆட்டோவில் ஏறுவது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, வேட்புமனு தாக்கல் அன்று. அன்றைக்கு மீட்டர் போடச் சொல்லி அவரும் கேட்பதில்லை.

இப்படி எழுதினால் தொழிலாளர் விரோதி என்று முத்திரை குத்துவார்கள். குத்தட்டும். வெயிலில் காய்கிற ஓட்டுநர் மீது நமக்குக் கோபமில்லை. வண்டி வாடகை, தண்டல், கேஸ் என்று எல்லாம் போக அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது என்ன என்பது நமக்கும் தெரியும். கோபம், அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு கொடி ஆட்டுகிறவர் மீது.

2025 வரை அமலில் இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தாராளமானது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். எட்டாவது ஆள் வந்தால் பிளவு. இரண்டாவது வரி சட்டத்தில் இல்லை, நாமே சேர்த்துக்கொண்டது. 2001-இல் திருத்தம் கொண்டுவந்து, தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர் வேண்டும் என்றார்கள். வெளியாட்கள் நிர்வாகிகளாக வருவதற்கும் ஓர் அளவு வைத்தார்கள். வெளியாள் என்றால் யார்? ஸ்டியரிங் பிடிக்காதவர். அப்படிப்பட்டவர்தான் ஸ்டியரிங்கை எப்போது விடவேண்டும் என்று முடிவு செய்கிறார்.

சங்கங்களை எண்ணிப் பாருங்கள். ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு., தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், பி.எம்.எஸ்., ஏ.ஐ.சி.சி.டி.யு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கட்சி அல்லது இயக்கம். கட்சி உடைந்தால் சங்கமும் உடையும். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது, 1970-இல் சி.ஐ.டி.யு. பிறந்தது. கட்சிகளெல்லாம் கூட்டணி வைத்துத் தேர்தல் மேடையில் தோளோடு தோள் நிற்கும். பஸ் நிலையத்தில் மட்டும் அவற்றின் கொடிக்கம்பங்களுக்கு நடுவே பத்தடி இடைவெளி வேண்டும்.

ஒரு ஆட்டோ ஸ்டாண்டுக்கு இத்தனை மரியாதை ஏன்? கணக்குப் போட்டால் புரியும். 2021 தேர்தலில் புதுச்சேரி முழுக்க வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். தொகுதிகள் 30. தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. தமிழ்நாட்டில் இதை வைத்து ஒரு நகராட்சித் தலைவர்கூட நிம்மதியாகத் தூங்கமாட்டார். இங்கே இதில் மந்திரி ஆகலாம். சில நூறு ஓட்டில் ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. ஸ்டாண்டில் 25 ஆட்டோ. வீட்டுக்கு நாலு ஓட்டு. ஆக ஒரு போர்டுக்கு நூறு ஓட்டு. போர்டு திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. ஏன் ஓடிவருகிறார் என்று இப்போது தெரிகிறதா? அவர் திறப்பது போர்டை இல்லை, வாக்குச்சாவடியை.

அக்கம்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். புதுச்சேரிக்காரர் நாலு பக்கம் எங்கே போனாலும் பாதி நேரம் தமிழ்நாட்டு பஸ்ஸில்தான் போகவேண்டும். அங்கே ஜுரம் என்றால் இங்கே தும்மல்.

2018 ஜனவரி. பொங்கலுக்கு முன். தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஆட்சி. ஊதிய உயர்வுக் காரணி 2.57 வேண்டும் என்றன அரசு பஸ் ஊழியர் சங்கங்கள். 2.44 என்றது அரசு. 4-ஆம் தேதி சாயங்காலம் வண்டிகள் நின்றன. ஒரு வாரம் நின்றன. தி.மு.க.வின் தொ.மு.ச. போராடியது; அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கம் பஸ் ஓட்டியது. பொதுமக்கள் நலன் முக்கியம் என்றது. கேட்கவே நெஞ்சு உருகியது. வேலைநிறுத்தம் முடிந்த பத்தே நாளில் பஸ் கட்டணம் உயர்ந்தது. பொதுமக்கள் நலன் டிக்கெட்டில் அச்சாகி வந்தது.

2024 ஜனவரி. மறுபடியும் பொங்கலுக்கு முன். தி.மு.க. ஆட்சி. 9-ஆம் தேதி வேலைநிறுத்தம். இப்போது அண்ணா தொழிற்சங்கம் போராடியது, தொ.மு.ச. பஸ் ஓட்டியது. பொதுமக்கள் நலன் முக்கியம் என்றது. வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. நடிகர்கள் மட்டும் இடம் மாறி நின்றார்கள். சி.ஐ.டி.யு. இரண்டு தடவையும் போராடியது. அந்த அளவுக்கு அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். கோரிக்கைகளில் முக்கியமானது ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி நிலுவை. எட்டு வருஷ பாக்கி. அது யார் ஆட்சியில் தொடங்கியது என்று கேட்டால் அண்ணா தொழிற்சங்கம் வானத்தைப் பார்க்கும். மூன்று வருஷமாக ஏன் தீர்க்கவில்லை என்று கேட்டால் தொ.மு.ச. தரையைப் பார்க்கும். நடுவில் நிற்கிற எழுபது வயது முன்னாள் நடத்துநர் யாரைப் பார்ப்பார்? மறுநாள் உயர் நீதிமன்றம் கேட்டது, பண்டிகை நேரத்தில் மக்களை ஏன் வதைக்கிறீர்கள் என்று. போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பாக்கி தள்ளிவைக்கப்படவில்லை, அது ஏற்கெனவே தள்ளித்தான் கிடந்தது.

இனி நம் ஊர். புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. பி.ஆர்.டி.சி. அதன் பஸ் ஒன்று புதுச்சேரியில் கிளம்பி, தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டி, கேரளத்துக்குள் நுழைந்து, மாஹேயில் போய் நிற்கிறது. அங்கே இறங்கினாலும் புதுச்சேரிதான். ஊரைவிட்டு ஊர் போகாமலே ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்யலாம். அந்த வண்டியை ஓட்டுகிறவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். வருஷக்கணக்காக ஒப்பந்தம். நிரந்தரம் கேட்டு அவர்கள் வண்டியை நிறுத்தாத ஆட்சி இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கிறவர் டிப்போ வாசலுக்கு வந்து, நாங்கள் வந்தால் முதல் கையெழுத்து என்கிறார். வருகிறார். பேனாவில் மை இருப்பதில்லை.

மை இருந்தாலும் கோப்பு ஒன்று இருக்கிறது. அது முதலமைச்சர் அறையிலிருந்து புறப்பட்டு, தலைமைச் செயலரிடம் தங்கி, நிதித்துறையில் பழுதாகி, துணைநிலை ஆளுநர் மாளிகையில் நின்று, டெல்லி உள்துறைக்குப் போகும். மாஹே பஸ்கூட இத்தனை தூரம் போவதில்லை. கேட்டால் ஆட்சியாளர் ஆளுநரைக் கை காட்டுவார். ஆளுநர் விதியைக் கை காட்டுவார். தலைவிதி என்று ஊழியர் புரிந்துகொள்ளவேண்டும். 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா இருந்தாரே, நினைவிருக்கிறதா? ஹெல்மெட் கெடுபிடி அன்றைக்குப் பெரிய பேச்சு. அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நடுரோட்டில் இறங்கி வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். முதலமைச்சர் நாராயணசாமி நடைபாதையில் படுத்துத் தூங்கினார். ஆள்கிறவர்களே ஆளுக்கொரு பக்கம் போராடும் ஊரில், தொழிலாளி போராடப் போனால் இடம் கிடைக்காது.

இன்னொரு இனமும் இங்கே உண்டு. வவுச்சரில் கூலி வாங்கும் வவுச்சர் ஊழியர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலும் கொடுக்கும் ரொட்டிப்பால் ஊழியர். வேறெந்த ஊர் அகராதியிலும் இந்தச் சொற்கள் இருக்காது. தேர்தலுக்கு முன் சிபாரிசில் உள்ளே போவார்கள். தேர்தல் முடிந்ததும் வாசலில் உட்காருவார்கள். 2016 தேர்தலை ஒட்டிப் பொதுப்பணித் துறையில் எடுத்த வவுச்சர் ஊழியர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். உள்ளே வைத்தவரும் ஒரு தலைவர், வெளியே அனுப்பியபோது கண்டித்தவரும் ஒரு தலைவர், போராட்டப் பந்தலுக்கு வந்து பழரசம் கொடுத்தவரும் ஒரு தலைவர். பல சமயம் மூவரும் ஒருவரே.

சரி, பந்த். புதுச்சேரியின் தேசியத் தொழில். 2022 டிசம்பர் 28-ஆம் தேதி மாநில அந்தஸ்து கேட்டு அ.தி.மு.க. பந்த் நடத்தியது. முந்தின வருஷத் தேர்தலில் அந்தக் கட்சிக்குச் சட்டசபையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதோடு, ஆட்சியில் இருந்த கூட்டணியிலேயே அதுவும் இருந்தது. டெல்லியில் ஆண்டதும் தோழமைக் கட்சிதான். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பஸ்ஸை நிறுத்திக் கேட்டார்கள். கல் பட்டது பஸ் கண்ணாடியில். அந்தச் சத்தம் டெல்லிக்குக் கேட்டதாகத் தகவல் இல்லை.

2024 செப்டம்பர் 18-ஆம் தேதி மறுபக்கத்தின் முறை. மின்கட்டண உயர்வைக் கண்டித்து இந்தியா கூட்டணி பந்த். கட்டணம் உயர்ந்தது அநியாயம்தான். பில்லைப் பார்த்து எல்லாருக்கும்தான் ஷாக் அடித்தது. ஆனால் நின்றது எது? தனியார் பஸ். ஆட்டோ. டெம்போ. டீசலில் ஓடுகிற வண்டியை நிறுத்தினால் மின்கட்டணம் எப்படிக் குறையும் என்று எந்தப் பொறியாளரும் இன்னும் விளக்கவில்லை. ஓட்டுநருக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. சங்கம் தராது. கட்சி தராது. தனியார் பஸ்ஸில் கலெக்‌ஷன் இருந்தால்தான் பேட்டா. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவேண்டியதில்லை. கௌரவத் தலைவர் அவர் சார்பில் முழு ஆதரவு கொடுத்துவிட்டார்.

பந்த் அன்றைக்குக் காலையில் கோரிமேடு எல்லைக்குப் போய்ப் பாருங்கள். திண்டிவனம் பக்கமிருந்து வரும் பஸ்கள் எல்லையிலேயே நின்றுவிடும். அதிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஜிப்மர் மருத்துவமனைக்கு வந்தவர்கள். கையில் ஸ்கேன் கவர், துணிப்பை, சோற்றுத் தூக்கு. ஒருவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடப்பாள். அந்தக் குழந்தைக்கு மாநில அந்தஸ்து தெரியாது. யூனிட்டுக்கு எத்தனை பைசா என்று தெரியாது. அவர்கள் புதுச்சேரி வாக்காளர்களும் இல்லை. அதனால் அவர்களைப் பற்றி எந்தச் சங்கமும் கவலைப்பட வேண்டியதில்லை. மாலையில் அறிக்கை வரும்: பந்த் முழு வெற்றி, பொதுமக்கள் தாமாக முன்வந்து ஒத்துழைத்தனர். ஆமாம், நடந்தே ஒத்துழைத்தார்கள்.

எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர்கள் உயிர் கொடுத்ததும் இதே ஊரில்தான் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 1936 ஜூலை 30. சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். கேட்டது எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. அந்தக் கோடையில்தான் பாரிசில் லியோன் ப்ளும் அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டுக் கைதட்டல் வாங்கியிருந்தது. அங்கே விடுமுறை, இங்கே தோட்டா. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் விடவில்லை. 1937-இல் எட்டு மணி நேரம் சட்டமானது. ஆசியாவிலேயே முதல் என்று மேடைதோறும் சொல்வோம். சொல்லிவிட்டு, காலை ஐந்து மணிக்கு முதல் டிரிப் எடுத்து ராத்திரி பத்துக்குக் கடைசி டிரிப் முடிக்கிற தனியார் பஸ் ஓட்டுநரின் வண்டியிலேயே வீடு திரும்புவோம். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவருக்கும் எட்டு மணி நேரம் என்றது. ஸ்பேர் டிரைவர் வந்தால்தான் அவருக்கு லீவு. இதைக் கேட்டு எந்தச் சங்கமாவது பந்த் நடத்தியதா? பஸ் முதலாளியும் கட்சிக்காரர், சங்கத் தலைவரும் கட்சிக்காரர். தேர்தல் செலவு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆலைகளின் கதையும் அப்படித்தான் முடிந்தது. 2020-இல் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற ஏ.எஃப்.டி. ஆலையை மூடினார்கள். சுதேசி, பாரதி ஆலைகளையும் மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட இடம். பஸ் நிலையத்தை ஏறக்குறைய 30 கோடியில் புதுப்பிக்கக் கிளம்பியபோது, ஏ.எஃப்.டி. திடல்தான் தற்காலிக பஸ் நிலையம் ஆனது. மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. சுதேசி மில் வாசலில் இன்னும் சுறுசுறுப்பு குறையவில்லை. உள்ளே ஒரு தறியும் ஓடுவதில்லை. வாசலில் ஆர்ப்பாட்டம் மட்டும் மூன்று ஷிப்டு ஓடுகிறது.

ஜூலை 30 வருஷாவருஷம் வருகிறது. கடலூர் சாலையில் தியாகிகளுக்கு மாலை போட வருவார்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி மாலை, தனி மைக், தனி நேரம். செத்த 12 பேரும் ஒரே வரிசையில் நின்று செத்தார்கள். மாலை போடுகிறவர்களுக்கு ஒரே வரிசையில் நிற்க முடியாது. கார்கள் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்துக்குத்தான் ஒரு பஸ் வந்து சேரும். ஓட்டுநர் ஒப்பந்தம். முந்தின ராத்திரி வண்டியிலேயே படுத்துத் தூங்கியவர். நடத்துநர் விசில் அடிப்பார். மைக்கில் எட்டு மணி நேர உரிமையைப் பற்றி ஒருவர் முழங்கிக்கொண்டிருப்பார். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கையை நீட்டுவார், தலைவர் பேசி முடிக்கட்டும் என்று.

பஸ் நிற்கும். அன்றைக்கு பந்த்கூட இல்லை.