தேநீர் விருந்தா, தெரு ஊர்வலமா?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மாணவிகளின் ‘டெல்டா சிக்மா தீட்டா’ போன்ற கல்லூரிச் சகோதரி சங்கங்களுக்குத் தேநீர் விருந்தைத் தவிர வேறு வேலை உண்டா?

பதில்: உண்டு, தேநீர் ஆறுவதற்குள் ஊர்வலத்துக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு சர்வகலாசாலையில் 1908-ல் தோன்றிய ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வே கறுப்பின மாணவிகளின் முதற்சங்கமென்ற கீர்த்திக்கு உரியது; அதிலிருந்த 22 மாணவிகள், தோழமையோடு பொதுக்காரியப் பொறுப்பும் வேண்டுமென்று விரும்பி, 1913 ஜனவரி 13-ஆம் தேதி டெல்டாவை ஸ்தாபித்தார்கள். ஐம்பது நாளில் குழந்தைக்குக் கழுத்து நிற்பதே அபூர்வம். இந்தச் சங்கமோ, மார்ச் 3-ஆம் தேதி, வில்ஸன் ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், பெண்களுக்கு வாக்குரிமை கோரி வாஷிங்டனின் பென்ஸில்வேனியா அவென்யூவில் சென்ற ஊர்வலத்தில் நடந்தே விட்டது! ஆண்களிடம் சமத்துவம் கேட்ட வெள்ளைப் பெண்மணிகளிலேயே சிலர், கறுப்பினப் பெண்கள் தம்மோடு சரிசமமாக நடப்பதை விரும்பாத அந்நாளில், கறுப்பினப் பெண்ணுரிமைப் போராளி மேரி சர்ச் டெரல் அம்மையாரின் துணையோடு அம்மாணவிகள் வீதியில் இறங்கிய தைரியத்தை விருந்துக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியல் சாசனத் திருத்தம் 1920-ல் வந்த பின்பும், தென் மாநிலங்களில் அவர்கள் இனத்துப் பெண்களில் பெரும்பாலோர் வாக்களிக்க 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.