டிஜே இல்லாத கடற்கரை

கேள்வி: பாலி பக்கம் போகிறோம். டிஜே, கூட்டம், கூச்சல் இல்லாத பீச் கிளப் கிடைக்குமா?

பதில்: பாலிக்கு அடுத்த லொம்போக் தீவை ஒட்டியுள்ள கிலி ஏர் என்ற குட்டித் தீவுக்குப் படகேறுங்கள். பெட்ரோல் வண்டிக்கே அங்கே தடை. பெரும்பாலும் சைக்கிளும் ‘சிடோமோ’ குதிரை வண்டியும்தான். கிளப் என்பது கீற்றுக் கூரை, நாலு பீன்பேக், குட்டை வால் பூனை. பரிமாறுபவருக்கும் பூனைக்கும் ஒரே சுறுசுறுப்பு! ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கி, ஆமையைப் பார்த்துவிட்டே வரலாம். நாசி கோரெங் (அதாவது ஃப்ரைட் ரைஸ்) 50,000 ரூபியா என்றதும் மயங்கி விழாதீர்கள், நம் காசில் சில நூறுதான். மாலையில் மேற்குக் கரைக்குப் போனால், வானம் தெளிந்திருந்தால், பாலியின் அகுங் எரிமலையும் தெரியும். இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட வருபவர் ஸ்பீக்கரும் கையுமாக இறங்கினால், அவரை மட்டும் அருகிலுள்ள கிலி திராவாங்கன் தீவுக்கு அனுப்பிவிடுங்கள், ஆட்டமெல்லாம் அங்கேதான்.