1964-க்குக் குடிபோவது எப்படி?

பழைய காலத்தில் வாழ ஆசைப்படும் இல்லத்தரசிகள் பலர், “அந்தக் காலம் மாதிரி வருமா!” என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். எந்தக் காலம்? ராஜராஜன் காலமா, ரேஷன் காலமா? வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா, மாடிப்படி செங்குத்தா, பக்கத்து வீட்டில் நாய் உண்டா என்று ஆயிரம் விசாரிக்கிறோம். காலம் பார்க்கப் போகும்போதும் அந்த விசாரணை வேண்டும்.

1957 ஏப்ரலுக்கு முன்னால் போய் இறங்குவதாக இருந்தால், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். மீதிச் சில்லறை எவ்வளவு என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் கீரைக்காரம்மா அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். 1950-க்குப் போனால் ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தைச் சுடச்சுடக் ‘கல்கி’யில் படிக்கலாம்தான். ஆனால் கடைசி அத்தியாயம் 1954-ல். ஆறு எபிசோடை ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கிறவர்களுக்கு அந்த வருஷம் ஒத்துவராது.

என் சிபாரிசு 1964. ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘சர்வர் சுந்தரம்’, ‘படகோட்டி’, ‘நவராத்திரி’ எல்லாம் ஒரே வருஷத்து விளைச்சல். இன்னொரு வருஷத்தில் இப்படிக் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வரும்போது கையோடு ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் அரிசித் தட்டுப்பாடு முற்றி, 1967 தேர்தல் மேடையில் ரூபாய்க்கு மூன்று படி என்று வாக்குறுதி கொடுக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. பாட்டுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டவர்கள் இந்த கியூவைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

வருஷம் முடிவானதும் பாத்திரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிவந்த கதவு, தூண், எனாமல் தூக்கு, பித்தளை அண்டா எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எதைத் தொட்டாலும் “நூறு வருஷம்மா” என்பார் கடைக்காரர். அவரை நம்புங்கள், நம்பாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கே நடக்காது.

முதலில் கல்சட்டி வாங்குவது உத்தமம். வாங்கி வந்ததும் வத்தக்குழம்பு வைத்துவிடக் கூடாது. மாக்கல்லுக்குச் சூடு பழக வேண்டும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, சில நாள் சூடான கஞ்சித் தண்ணீர் ஊற்றிவைத்து, அப்புறம்தான் மெல்லிய தீ. அவசரப்பட்டால் நடுவில் விரிசல் விடும். பழகிவிட்டால் இதைப்போல் ஒன்று கிடையாது. அடுப்பை அணைத்துக் கீழே இறக்கிய பிறகும் குழம்பு தளபுளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் அதை எட்டிப் பார்த்து “அடேயப்பா” என்பார்கள். அந்த ஓர் ‘அடேயப்பா’வுக்காகத்தானே இவ்வளவும்.

ஈயச்சொம்புக்கு வருவோம். காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு, தெரிந்த கடையில் வாங்குங்கள். பிறகு இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் தீ. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பெருங்காய டப்பாவைத் தேடப் போனீர்களானால், 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும். திரும்பி வரும்போது பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டைதான் இருக்கும், சொம்பு இருக்காது. தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. ரசம் பொங்கி நுரைத்ததும் தீயை அணைத்துவிட்டுத்தான் சொம்பை இறக்க வேண்டும். தாளிப்பது தனியே இரும்புக் கரண்டியில். சொம்பில் எண்ணெய் காய்ச்ச நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி எந்தப் பொறுப்பும் ஏற்காது.

பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். பூசுகிறவர் துருத்தி ஊதிப் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சுவார். நவச்சாரப் பொடியை வீசுவார். மூக்கில் ஏறுகிற வெள்ளைப் புகை கிளம்பும். ஈயத் துண்டால் இரண்டு இழுப்பு, பஞ்சால் ஒரு சுற்று. அவ்வளவுதான், கறுத்துக் கிடந்த உட்புறம் நிலா மாதிரி ஆகிவிடும். தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த இந்தக் கலைஞரை இப்போது நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தால் நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அம்மி? தாராளமாக வாங்குங்கள். பால்கனியில் வையுங்கள். மேலே நாலு சிவப்பு மிளகாயும் ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் வைத்துப் படம் எடுங்கள். அதற்குமேல் அதனோடு சகவாசம் வேண்டாம்.

இந்த இடத்தில் உங்கள் திட்டத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. 1964-ல் நிஜமாகவே சமையல் செய்தவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருப்பார். பெரும்பாலும் அவர் மாமியார். “அம்மியில அரைச்ச சட்னி ருசி வராதும்மா” என்று அவர் ஆரம்பித்ததும் புல்லரித்துப் போகாதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

“யார் அரைச்சது, அத்தை?”

“நான்தான். எட்டு பேருக்கு.”

“அப்ப இன்னிக்கு ஒரு நாள் அதில அரைச்சுப் பார்க்கலாமா?”

“மிக்ஸிக்கு என்ன கேடு?”

பழைய காலத்தின் ருசியைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நின்று பரிமாறியவர்கள், குனிந்து அரைத்தவர்கள், ஸ்டவ் பின்னைக் கொண்டு பர்னர் ஓட்டையைக் குத்திக் குத்திப் பம்ப் அடித்தவர்கள் எல்லோரும், கிரைண்டர் வந்த அன்றைக்கு அதற்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டியவர்கள். ஆகவே அத்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே வரும்.

சமையல் குறிப்புக்கு எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ போதும். 1951-ல் வந்த புத்தகம். பல வீடுகளில் பெண்ணோடு சேர்ந்து புக்ககம் போனது. அக்காலக் குறிப்புகளைப் படிக்க எட்டு ஆழாக்கு ஒரு படி, நாற்பது பலம் ஒரு வீசை, வீசை என்பது சுமார் 1 கிலோ 400 கிராம் என்று தெரிந்தால் போதும். பட்டணம் படியும் ஊர்ப் படியும் ஒன்றல்ல என்பது தெரியாமல் இருந்தால் இன்னும் நிம்மதி.

உடையலங்காரத்தில் சொல்ல அதிகம் இல்லை. சரோஜாதேவி கொண்டைக்குச் சவுரியும் ஒரு டப்பா ஹேர்பின்னும் தேவை. ஹெல்மெட் போட முடியாது.

சினிமாவுக்குத்தான் நிறைய முன்னேற்பாடு வேண்டும். கைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ‘கர்ணன்’ பார்ப்பவர்களோடு பேச்சுவார்த்தை கூடாது. படத்துக்கு முன்னால் கட்டாயம் செய்திப்படம் ஓட வேண்டும். ஃபிலிம்ஸ் டிவிஷன் காட்டிய வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி மாலை வாங்குவது எல்லாவற்றுக்கும் பதிலாகப் பத்து நிமிஷம் ஏதாவது ஒரு செய்திச் சேனலை வைத்தால் சரியாக இருக்கும். டூரிங் டாக்கீஸ் அனுபவம் வேண்டுமென்றால் ஹாலின் நடுவே புடவையைத் தடுப்பாகக் கட்டிப் பெண்கள் பகுதியைப் பிரித்துவிடுங்கள். ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளைதான். ஆகவே முறுக்கும் சோடாவும் தாராளமாக இருக்கட்டும். ‘புதிய பறவை’ பார்க்கும் அன்றைக்கு, முடிவு தெரிந்த பெரியப்பாவை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவிடம் தன் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ படத்துக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சியை எல்லோரும் நாகேஷுக்காகப் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை பாலையாவை மட்டும் பாருங்கள். நாகேஷ் கதவு திறக்கும் சத்தத்தையும் காலடிச் சத்தத்தையும் வாயாலேயே போட்டுக்கொண்டு போக, எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை ஆவார். ஒருவர் பயமுறுத்தினால் போதாது, இன்னொருவர் ஒழுங்காகப் பயப்படவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காட்சியில் பாதி பாலையாவுடையது என்பது என் கட்சி.

‘நவராத்திரி’ சிவாஜியின் நூறாவது படம், அதில் அவருக்கு ஒன்பது வேஷம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒன்பது பேரையும் ஒருவர் பின் ஒருவராகச் சந்தித்துப் படத்தைத் தாங்குகிற சாவித்திரிக்கு அது எத்தனையாவது படம் என்று கேட்டுப் பாருங்கள். மௌனம்தான். வழிகாட்டியில் இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு நெடுநாள் எரிச்சல், சொல்லிவிட்டேன்.

கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். சாணித்தாளில் அச்சடித்த எல்லாப் பாட்டும், கூடவே பாதிக் கதையும் இருக்கும். கதாநாயகி நட்டாற்றில் நிற்கும்போது, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். இவற்றை அடுக்கிவைக்கும்போது வீட்டில் யாராவது “குப்பை” என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் இப்படிச் சேர்த்துவைத்த காகிதங்கள்தான் இன்றைக்குத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அதற்கும் மசியாவிட்டால் பரணில் ஒளித்துவையுங்கள்.

ரேடியோ விஷயத்தில் போலிகளுக்கு ஏமாறாதீர்கள். பழைய ரேடியோ வடிவத்தில், ஆயிரக்கணக்கான பாட்டை உள்ளே அடைத்து விற்கும் பெட்டிகள் இப்போது நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒரு குறை: பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடலாம். அந்த நாளில் அது நடக்காது. ஐம்பதுகளில் மத்திய மந்திரியாக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் சத்தம் போடாமல் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957-ல் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. பிறகும்கூட, தமிழ் வீடுகளில் காலைப்பொழுது இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனையும் பின்னாளில் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடல் தாண்டி வரும் பாட்டு என்பதால் நடுச்சரணத்தில் அலை விழுங்கிவிடும். அந்த இடத்தில் நாமே பாடி நிரப்புவோம். இதை வீட்டில் செய்து பார்க்க, குழந்தை ஒன்றை ஏரியலுக்குப் பதிலாக ஜன்னலருகே நிறுத்தி, நல்ல இடத்தில் ‘கொர்ர்ர்’ சொல்லப் பழக்குங்கள். அதற்கு முன்னால் ஒரு தபால் கார்டில் குடும்பத்தில் உள்ள அத்தனை பேர் பெயரையும் எழுதி விருப்பப் பாட்டுக் கேட்க வேண்டும். பெயர்ப் பட்டியலை ஒருவர் உரக்க வாசிக்கும்போது தன் பெயர் வருகிறதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு இரண்டாம்பட்சம்.

மத்தியானப் பொழுதுக்குப் பல்லாங்குழி. குழிக்கு ஐந்தாகப் பதினாலு குழிக்கும் எழுபது சோழி. சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை. நாலு சேர்ந்தால் பசு. ஊருக்கு ஊர் சட்டம் வேறு, பாட்டிக்குப் பாட்டி திருட்டு வேறு. வயர் கூடையும் பின்னலாம், சிவன் கண் அல்லது நெல்லிக்காய் முடிச்சு. கறாராகப் பார்த்தால் அது எழுபது எண்பதுகளின் மோகம். பரவாயில்லை, சரித்திரப் பேராசிரியர் யாரும் சோதனைக்கு வரப்போவதில்லை. தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டிங் ஒன்று எங்காவது கிடைத்தால், கதையைவிட முதுகுப் பக்கத்தைப் படியுங்கள். பாதி சமையல் குறிப்பு, தலை போன ஜோக், கூந்தல் தைல விளம்பரம் எல்லாம் அங்கேதான் தப்பிப் பிழைத்திருக்கும்.

கடைசியாகக் கணவர். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உற்சாகத்தில் அவரையும் 1964-க்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். வந்தால் ஈஸிசேரில் சாய்ந்து, பேப்பரைப் பிரித்து, “காபி” என்பார். அந்த வருஷத்துப் படம் எதிலாவது கதாநாயகன் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தாரா, யோசியுங்கள். அப்பா சொத்தில் உங்களுக்கும் பங்கு உண்டா என்று கேட்கத் தோன்றினாலும் அங்கே கேட்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 1989-ல்தான் வருகிறது. அன்று ஒரு நாள் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டுத் திரும்புங்கள். கணவரை இந்த வருஷத்திலேயே, சிங்க் பக்கத்தில், கையில் ஸ்கிரப்பரோடு விட்டுவையுங்கள். நீங்கள் சவுரி வைத்துக் கொண்டை போட்டுக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது காஸ் சிலிண்டர்காரர் மணியடித்தால், ஓடிபி சொல்ல ஒருவர் வேண்டுமே.