பட்டாளத்துக்காரருக்குப் பவுடரா?

கேள்வி: தாத்தாவின் எச்.எம்.டி. ஜவான் கைக்கடிகாரத்தில் டயல் பழுப்பேறிவிட்டது. புது பெயின்ட் அடிக்கலாமா?
– ஒரு வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: கூடவே கூடாது! பட்டாளத்துக்காரருக்குத் தழும்புதான் அழகு, பவுடர் பூசாதீர்கள். 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது உங்கள் ஊரில்தான். 2016-இல் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்துவிட்டது. இனி அசல் டயலுக்கு எங்கே போவீர்கள்? பெயின்ட் அடித்தால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போய்விடும். இயந்திரத்தை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் போடச் சொல்லுங்கள். தினமும் சாவி கொடுங்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கடிகாரமும் வீட்டில் இருந்தால், அதை நீங்களே திறக்காதீர்கள். முள்ளில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு ஓயாது. பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்!